112 பவுண்டுக்குள் யார் பெரியவர்?

2018 ஆகஸ்டில் தாய்லாந்தின் குத்துச்சண்டை வீரர் வான்ஹெங் மெனயோதின் தன் 51வது தொழில்முறை வெற்றியைப் பெற்றார். தோல்வி ஒன்றுகூடக் கிடையாது. ஃபிளாய்ட் மேவெதர் 50-0 என்று முடித்துக்கொண்ட கணக்கை 105 பவுண்டு எடையில் நின்ற ஒருவர் தாண்டிவிட்டார். மேவெதரின் ஐம்பதாவது சண்டைக்கு உலகமே விழித்திருந்தது. வான்ஹெங்கின் ஐம்பத்தோராவதுக்குக் கிடைத்தது விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பத்தி. 54-0 வரை போய், 2020 நவம்பரில் பன்யா பிரதப்ஸ்ரீயிடம் அவர் முதன்முறையாகத் தோற்றபோதும் அதே கதைதான்.

இதில் பாதி அநியாயம், பாதி நியாயம். சின்ன உடம்புக்காரர்கள் என்ன செய்தாலும் உலகம் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அநியாயம். ஆனால் வான்ஹெங்கை மாபெரும் வீரர்களின் வரிசையில் யாரும் வைக்காததில் நியாயம் உண்டு. பெரும்பாலும் சொந்த மண்ணிலேயே, அதிகம் பெயர் எடுக்காத எதிராளிகளோடு மோதிச் சேர்த்த கணக்கு அது. குறைந்த எடைப் பிரிவுகளில் யார் பெரியவர் என்று பேச உட்கார்ந்தால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். எண்களை மட்டும் நம்பினால் வரிசை தலைகீழாகிவிடும்.

தராசிலிருந்தே தொடங்கலாம். 1909இல் லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டு எடைப் பிரிவுகளை முறைப்படுத்தியபோது கடைசிப் படியாக இருந்தது ஃப்ளைவெயிட்: 112 பவுண்டு, அதாவது 50.8 கிலோ. அதற்குக் கீழே எதுவும் இல்லை. ஒருவர் 98 பவுண்டுதான் இருக்கிறாரா? இருக்கட்டும், 112காரரோடுதான் மோத வேண்டும். இந்த நிலைமை அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1975இல்தான் உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி. 108 பவுண்டுக்கு லைட் ஃப்ளைவெயிட் பட்டத்தை ஏற்படுத்தியது. 1987இல் 105 பவுண்டுக்கு இன்னொரு படி வந்தது. அதற்கு மினிமம்வெயிட், ஸ்ட்ராவெயிட் என்று அமைப்புக்கு ஒரு பெயர்.

ஒலிம்பிக்கில் கதை எதிர்த்திசையில் போயிருக்கிறது. 2016 ரியோ வரை ஆண்களுக்கு 49 கிலோப் பிரிவு இருந்தது. டோக்கியோவில் அதை எடுத்துவிட்டு 52 கிலோவில் தொடங்கினார்கள். பெண்கள் குத்துச்சண்டை 2012இல் முதன்முறையாக ஒலிம்பிக்கில் வந்தபோது கடைசிப் படி 51 கிலோ. 45, 46, 48 கிலோப் பிரிவுகளில் உலகப் பட்டங்களை அள்ளிய மேரி கோம் லண்டனில் ஏன் வெண்கலத்தோடு திரும்பினார் என்று கேட்பவர்கள், தன் உடம்புக்கு இல்லாத பிரிவில் அவர் ஆட வேண்டியிருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, எடை பார்க்கும் நேரம். முன்பெல்லாம் சண்டை நடக்கும் நாளிலேயே தராசில் ஏற வேண்டும். 1980களிலிருந்து முந்தைய நாளே பார்த்துவிடும் வழக்கம் வந்தது. உடம்பிலுள்ள தண்ணீரை வற்றவைத்து 112 காட்டிவிட்டு, இரவெல்லாம் குடித்தும் உண்டும் மறுநாள் அதைவிடப் பல பவுண்டு கூடுதலாக வளையத்துக்குள் வரலாம். ஆகவே பழைய காலத்து 112 வேறு, இன்றைய 112 வேறு. கீழ் எடைகளில் இது சிறிய விஷயம் அல்ல. 105 பவுண்டுக்காரருக்கு 3 பவுண்டு என்பது 220 பவுண்டு ஹெவிவெயிட்டுக்கு 6 பவுண்டுக்கு மேல்.

மூன்றாவது, பட்டங்களின் எண்ணிக்கை. 1950இல் 112 பவுண்டும் அதற்குக் கீழும் உள்ள மனிதர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து உலகில் ஒரே ஒரு சாம்பியன். இன்று மூன்று பிரிவுகள், பிரிவுக்கு நான்கு அமைப்புகள். ஆகப் பன்னிரண்டு பட்டங்கள். எனவே ஒருவர் எத்தனை முறை பட்டத்தைத் தக்கவைத்தார் என்ற எண்ணை நான் கடைசியில்தான் பார்ப்பேன். யாரை வென்றார், எத்தனை பவுண்டு விட்டுக்கொடுத்து வென்றார், யாருடைய ஊருக்குப் போய் வென்றார், தோற்ற பிறகு என்ன செய்தார் என்பவைதான் முன்வரிசைக் கேள்விகள். எல்லை 112. அதற்கு மேலே போய்ச் சாதித்ததைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், மூலதனமாக அல்ல. 115 பவுண்டில் 19 முறை பட்டம் காத்த காவோசாய் கேலக்ஸி இந்தக் கணக்கில் வரமாட்டார். மேனி பாக்கியாவும் அப்படியே. 1998 டிசம்பரில் சாட்சாய் சாசகுலை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தி ஃப்ளைவெயிட் பட்டம் வாங்கினார், மறு ஆண்டே எடை குறைக்க முடியாமல் அதைத் தராசிலேயே விட்டார். அவர் பெருமை எல்லாம் மேலே ஏறிய பிறகு வந்தது.

வேல்ஸ் சுரங்கத்திலிருந்து வந்தவர்

முதல் இடத்தைப் பற்றி எனக்குக் குழப்பம் இல்லை. ஜிம்மி வைல்ட்.

1892இல் வேல்ஸில் பிறந்தவர். சிறு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. பிறகு ஊர் ஊராகப் போகும் கண்காட்சிக் கூடாரங்களில் குத்துச்சண்டை. அந்தக் கூடாரங்களில் வழக்கம் எளிமையானது: கூட்டத்திலிருந்து எவர் வேண்டுமானாலும் மேடையேறலாம், கூடாரத்து வீரரோடு சில ரவுண்டுகள் தாக்குப்பிடித்தால் காசு. ஏறி வந்த சுரங்கத் தொழிலாளிகளில் பலர் வைல்டைவிட ஐம்பது பவுண்டு கனமானவர்கள். இந்தச் சண்டைகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டில் உள்ளவை மட்டுமே ஏறத்தாழ 130 வெற்றிகள், அவற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்டவை நாக்அவுட்.

அவர் எடை 108 பவுண்டைத் தாண்டியதே அரிது. பல நாள் நூறை ஒட்டித்தான் இருந்தது. இன்றாக இருந்தால் 105 பவுண்டுப் பிரிவில் ஆடியிருப்பார், அதற்கும் பட்டினி கிடக்க வேண்டியிருக்காது. படங்களில் பார்த்தால் நோஞ்சான் பையன் மாதிரி இருப்பார்: ஒடுங்கிய மார்பு, குச்சிக் கைகள். கையில் சுத்தியல் வைத்திருக்கும் பேய் என்று அவரை அழைத்தார்கள். பெயர் வைத்தவர் சரியாகத்தான் வைத்தார். கைகளை இடுப்புக்குப் பக்கத்தில் தாழ்த்தி வைத்துக்கொண்டு, தலையை மட்டும் அசைத்துக் குத்தைத் தப்பிப்பார். எதிராளி எட்டிப்பிடிக்க முன்னால் சாயும் கணத்தில், அவன் பார்வைக்குக் கீழேயிருந்து குத்து கிளம்பி வரும். அவனுடைய வேகமும் சேர்ந்து அவன் தாடையில் இறங்கும். அவ்வளவு சிறிய உடம்பில் அந்த வலிமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

1915இல் ஸ்காட்லாந்தின் டான்சி லீயிடம் 17வது ரவுண்டில் தோற்றார். அதுதான் முதல் தோல்வி. அடுத்த ஆண்டு அதே லீயை 11வது ரவுண்டில் முடித்தார். 1916 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வந்த யங் ஜூலு கிட் என்பவரை லண்டனில் வீழ்த்தியதும், ஃப்ளைவெயிட்டின் உலக சாம்பியன் யார் என்ற சந்தேகம் யாருக்கும் இல்லாமல் போனது. 1918இல் ஜோ கான் என்ற ஃபெதர்வெயிட்டை, அதாவது இரண்டு பிரிவு மேலே இருந்தவரை, அடித்து நிறுத்தினார்.

அவருடைய மற்ற இரண்டு பெரிய தோல்விகளையும் எடுத்துப் பாருங்கள். 1921 ஜனவரியில் லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பீட் ஹெர்மன். ஃப்ளைவெயிட்டுக்கு அடுத்த மேல் பிரிவான பேன்டம்வெயிட்டின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர், வைல்டைவிடப் பத்துப் பவுண்டுக்கு மேல் கனம். அப்படியும் 17வது ரவுண்டு வரை நின்றார். அதன்பிறகு இரண்டரை ஆண்டு வளையம் பக்கமே வரவில்லை. 1923 ஜூனில், 31 வயதில், நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் பான்சோ வில்லாவுக்கு எதிராக இறங்கியபோது பழைய வைல்டின் மிச்சம் மட்டுமே இருந்தது. ஏழாவது ரவுண்டில் முகம் தரையில் பட விழுந்தார். அதோடு சரி.

பழைய காலத்து எதிராளிகள் எல்லாம் கத்துக்குட்டிகள் என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. உத்தி வளர்ந்திருக்கிறது, பயிற்சி வளர்ந்திருக்கிறது. ஆனால் தரவரிசை என்பது கால யந்திரத்தில் ஏற்றி அனுப்பி மோதவிடும் விளையாட்டு அல்ல. தன் காலத்துச் சகாக்களைவிட ஒருவர் எவ்வளவு தூரம் முன்னால் நின்றார் என்பதுதான் கேள்வி. அந்தத் தூரத்தில் வைல்டுக்கு இணை இல்லை.

அவரை வீழ்த்திய வில்லாவின் இயற்பெயர் பிரான்சிஸ்கோ கிலெடோ. பிலிப்பைன்ஸ்காரர், ஆசியாவின் முதல் உலகக் குத்துச்சண்டை சாம்பியன். நிற்காமல் குத்திக்கொண்டே இருப்பார். ஆனால் அந்தக் காலத்தில் அவரே தனிக்காட்டு ராஜா என்று சொல்ல முடியாது. 1920 ஒலிம்பிக் தங்கம் வென்ற ஃப்ராங்கி ஜெனரோ 1923 மார்ச்சில் வில்லாவை வென்று அமெரிக்கப் பட்டத்தை எடுத்திருந்தார். மூன்றே மாதத்தில் வைல்டோடு மோதும் வாய்ப்பு ஜெனரோவுக்கு வராமல் வில்லாவுக்குப் போனது. குத்துச்சண்டையில் திறமைக்கும் வாய்ப்புக்கும் உள்ள உறவு அன்றும் இப்படித்தான். 1925 ஜூலையில் பல் தொற்றோடு ஜிம்மி மெக்லார்னினுடன் மோதிய வில்லா, பத்தே நாளில் சான்பிரான்சிஸ்கோவில் இறந்துபோனார். வயது 23. இன்னும் ஐந்தாண்டு கிடைத்திருந்தால் இந்த வரிசையில் எங்கே இருந்திருப்பார் என்று கற்பனை செய்யலாம், ஆனால் கற்பனைக்கு மதிப்பெண் போட முடியாது. வில்லாவுக்குப் பின் சாம்பியனான ஃபிடெல் லபார்பா இன்னொரு விசித்திரம். ஒலிம்பிக் தங்கமும் உலகப் பட்டமும் கையில் இருக்க, 1927இல் ஸ்டான்ஃபோர்டில் படிக்கப் போகிறேன் என்று பட்டத்தைத் துறந்தார்.

1930களின் பென்னி லின்ச் கிளாஸ்கோவின் ஏழைத் தெருக்களில் வளர்ந்தவர். 1935இல் மான்செஸ்டருக்குப் போய் ஜாக்கி பிரவுனை இரண்டே ரவுண்டில் முடித்து, ஸ்காட்லாந்தின் முதல் உலக சாம்பியன் ஆனார். 1937 ஜனவரியில் பிலிப்பைன்ஸின் ஸ்மால் மொன்டானாவைப் புள்ளிகளில் வென்றபோது உத்தியைக் காட்டினார். அக்டோபரில் தோல்வியே அறியாத பீட்டர் கேனை 13வது ரவுண்டில் வீழ்த்தியபோது வலிமையைக் காட்டினார். அந்த ஓராண்டில் உலகிலேயே சிறந்த ஃப்ளைவெயிட் அவர்தான். பிறகு குடி. 1938 ஜூனில் ஜாக்கி ஜூரிச்சுடன் மோத வந்தபோது தராசு 118½ பவுண்டு காட்டியது. ஆறரை பவுண்டு அதிகம். பட்டம் அங்கேயே போயிற்று. சண்டையில் ஜூரிச்சை 12வது ரவுண்டில் நாக்அவுட் செய்தார் என்பது வேதனையான செய்தி, ஏனென்றால் வென்றும் பட்டம் இல்லை. எட்டாண்டு கழித்து 33 வயதில் இறந்தார். உச்சம் மட்டுமே அளவுகோல் என்றால் அவரை நான்காம் இடத்தில் வைப்பேன். நீடித்து நின்றதையும் பார்க்க வேண்டியிருப்பதால் எட்டாம் இடம்.

நான்கு அடி பத்தரை அங்குலம்

வைல்டுக்கு அடுத்தபடி எடையை விட்டுக்கொடுத்து ஆண்டவர் அர்ஜென்டினாவின் பாஸ்குவல் பெரெஸ். உயரம் ஏறத்தாழ 4 அடி 10½ அங்குலம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் எடை கூடிவிட்டது என்று அவரைத் தகுதிநீக்கம் செய்யப் பார்த்தார்கள். விசாரித்தால், அதே அணியில் மேல் பிரிவில் ஆடிய பரேஸ் என்பவரையும் இவரையும் அதிகாரிகள் குழப்பிக்கொண்டிருந்தார்கள். குழப்பம் தீர்ந்தது, தங்கம் வந்தது.

தொழில்முறைக்கு வரும்போதே 26 வயது. தாமதம்தான். 1954 நவம்பரில் டோக்கியோ போய், ஜப்பானின் முதல் உலக சாம்பியனான யோஷியோ ஷிராயை வென்றார். அர்ஜென்டினாவுக்கு அதுவே முதல் உலகப் பட்டம். அப்போதும் அவர் எடை 108க்குக் கீழே. தன்னைவிட அரை அடி உயரமானவர்களின் நீண்ட ஜாபுக்கு, அதாவது முன்னால் நிற்கும் கையால் நேராக விடும் குத்துக்கு, அடியில் புகுந்து, விலா எலும்பில் தொடங்கித் தாடையில் முடிக்கும் குத்துகள். ஐந்தரை ஆண்டு சாம்பியனாக இருந்தார். கராகஸில் ரமோன் அரியாஸ், மணிலாவில் டோமி உர்சுவா என்று எதிராளியின் ஊருக்கே தேடிப் போய்ப் பட்டத்தைத் தக்கவைத்தார். 1959இல் சதாவோ யாஓய்தாவிடம் பட்டமில்லாத சண்டையில் தோற்றதுதான் முதல் தோல்வி. அதே ஆண்டு நவம்பரில் பட்டத்தை முன்வைத்து அவரையே 13வது ரவுண்டில் முடித்தார். பிறகு பாங்காக்கில் போன் கிங்பெட்சிடம் நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பில் பட்டத்தை இழந்தார். மொத்தம் ஒன்பது முறை பட்டம் காத்திருக்கிறார். எண்ணாகப் பார்த்தால் இன்றைய சாம்பியன்களுக்கு அது சாதாரணம். ஆனால் அன்று உலகத்துக்கே ஒரு பட்டம்தான் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மெக்சிகோவின் மெரிடா நகரத்து மிகேல் கான்டோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வது பாவம், ஆனால் அவர் கலை சொல்லில் பிடிபடாது. 61 வெற்றிகளில் நாக்அவுட் 15 மட்டுமே. முதல் சண்டையிலேயே தோற்றவர். 1975 ஜனவரியில் ஜப்பானின் செண்டாயில் ஷோஜி ஒகுமாவை வென்று டபிள்யூ.பி.சி. பட்டம் எடுத்து, நான்காண்டில் 14 முறை தக்கவைத்தார். ஆசான் என்று பொருள்படும் பட்டப்பெயர் அவருக்கு. கையில் வலிமை இல்லாதவர் பதினைந்து ரவுண்டும் ஒவ்வொரு வினாடியும் சரியாக யோசித்தாக வேண்டும், ஒரு தவறுக்கும் இடமில்லை. வெனிசுவேலாவின் பெதுலியோ கொன்சாலெஸ் 1973இல் அவரை வென்றிருந்தார். பின்னர் இரண்டு முறை கான்டோ அந்தக் கடனைத் தீர்த்தார்.

அடுத்து 108 பவுண்டு. இங்கே முதலில் பேர் எடுத்தவர் ஒகினாவாவின் யோகோ குஷிகென். ஒன்பதாவது சண்டையிலேயே உலகப் பட்டம், 13 முறை தக்கவைப்பு, ஒரே ஒரு தோல்வி, அதோடு ஓய்வு. அதன்பின் தென் கொரியா. ஜாங் ஜுங்-கூ 20 வயதில், 1983 மார்ச்சில், ஹிலாரியோ சபாதாவை மூன்றாவது ரவுண்டில் முடித்து டபிள்யூ.பி.சி. பட்டம் எடுத்தார். அதே சபாதாவிடம் முந்தைய ஆண்டு மயிரிழையில் தோற்றிருந்தார். 1988இல் தானாக விலகும்வரை 15 முறை தக்கவைத்தார். அந்த வரிசையில் பின்னாளில் ஃப்ளைவெயிட் சாம்பியனான சோட் சிட்டலாடாவும் ஒருவர். 1985 டிசம்பரில் யூ மியுங்-வூ இன்னொரு அமைப்பான டபிள்யூ.பி.ஏ.வின் பட்டத்தை வென்றார். 17 முறை தக்கவைத்தார். 38 வெற்றி, ஒரு தோல்வி. அந்தத் தோல்வியைத் தந்த ஹிரோகி இயோகாவையும் மறு ஆண்டு ஜப்பானிலேயே வென்று பட்டத்தை மீட்டுவிட்டு ஓய்வு பெற்றார்.

ஒரே நாடு, ஒரே எடை, ஒரே காலம். இருவரும் மோதவே இல்லை. நான்கு அமைப்புகள் நான்கு பட்டம் விற்பதால் குத்துச்சண்டை எதை இழந்தது என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம். இருவரில் நான் ஜாங்கைத்தான் மேலே வைப்பேன். அவர் மோதியவர்களின் தரம் ஒரு படி அதிகம். ஓய்விலிருந்து திரும்பி வந்து வாங்கிய தோல்விகள் கணக்கைக் கெடுத்தாலும், உச்சத்தில் இருந்தபோது அவர் அருகில் யாரும் வரவில்லை.

தோல்வியே இல்லாதவரை எங்கே வைப்பது

ரிகார்டோ லோபெஸ்தான் இந்த வரிசையில் தலைவலி. 51 வெற்றி, ஒரு சமன், தோல்வி பூஜ்யம். 1990 அக்டோபரில் டோக்கியோவில் ஹிதேயுகி ஓஹாஷியிடமிருந்து 105 பவுண்டு டபிள்யூ.பி.சி. பட்டத்தை எடுத்தவர், 2001 செப்டம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சோலானி பெத்தேலோவை எட்டாவது ரவுண்டில் வீழ்த்திவிட்டு, சாம்பியனாகவே விடைபெற்றார். குத்துச்சண்டையைக் கற்றுக்கொள்ள வரும் சிறுவனுக்கு ஒரே ஒருவரின் காணொளியைக் காட்டலாம் என்றால் நான் லோபெஸைத்தான் காட்டுவேன். கை எப்போதும் கன்னத்தருகே. ஜாப் போன வழியிலேயே திரும்பி வரும். குதிகால் தேவையில்லாமல் அசையாது. கீழிருந்து மேலே வரும் அந்த இடது அப்பர்கட், எதிராளி குனியும் கணத்துக்காகவே காத்திருந்ததுபோல் எழும். பாடப்புத்தகத்தைக் கிழித்துக் கையுறைக்குள் வைத்துத் தைத்த மாதிரி.

சிக்கல் எதிராளிகளில். 105 பவுண்டுப் பிரிவு அவர் சாம்பியனானபோது மூன்றே வயதுக் குழந்தை. ஆழம் இல்லை. அதே நேரத்தில் மூன்று பவுண்டு மேலே என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? 1993 மார்ச் 13, லாஸ் வேகாஸ். அமெரிக்காவின் மைக்கேல் கார்பஹால், மெக்சிகோவின் உம்பெர்தோ ‘சிகீத்தா’ கொன்சாலெஸ். இரண்டாவது ரவுண்டில் கார்பஹால் விழுந்தார். ஐந்தாவதில் மறுபடியும் விழுந்தார், கண்ணோரம் ரத்தம். ஏழாவது ரவுண்டு முடியப் போகும் நேரம், கயிற்றோரம் சிக்கிய கொன்சாலெஸின் முகத்தில் பக்கவாட்டில் வளைந்து வந்த ஓர் இடது ஹூக். அவர் உட்கார்ந்து, சாய்ந்து, எழ முடியாமல் கிடந்தார். அந்த ஆண்டின் சிறந்த சண்டை என்று ‘ரிங்’ பத்திரிகை அதைத் தேர்ந்தெடுத்தது. 1994 பிப்ரவரியில் நடந்த இரண்டாவது மோதலுக்கு கார்பஹாலுக்குப் பத்து லட்சம் டாலர். 108 பவுண்டில் அதற்குமுன் யாரும் பார்க்காத தொகை. அந்தச் சண்டையையும், நவம்பரில் மூன்றாவதையும் கொன்சாலெஸ் புள்ளிகளில் வென்றார்.

லோபெஸ் இந்த இருவரில் ஒருவரோடும் மோதவில்லை. 108க்கு அவர் ஏறியது 1999இல், அப்போது 33 வயது. சிகீத்தா என்றோ ஓய்வு பெற்றிருந்தார். லோபெஸ் தரப்பு வக்கீல்கள் இங்கே ஒரு தாய்லாந்துக்காரரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவார்கள். சமான் சோர்ஜதுரோங்கை லோபெஸ் 1993இல் இரண்டே ரவுண்டில் முடித்தார். அதே சமான் 1995 ஜூலையில் சிகீத்தாவை ஏழாவது ரவுண்டில் வீழ்த்தினார். எனவே லோபெஸ் சிகீத்தாவை வென்றிருப்பார் என்பது வாதம். குத்துச்சண்டையில் இந்த முக்கோணக் கணக்கு செல்லாது. 105இல் எடையை வற்றவைத்து வந்த சமான் வேறு, 108இல் நிரம்பி வந்த சமான் வேறு. சிகீத்தாவும் அப்போது தேய்ந்திருந்தார்.

லோபெஸ் உண்மையில் சோதிக்கப்பட்டது ஒரே ஒருவரால். 1998 மார்ச்சில் மெக்சிகோ சிட்டியில் நிகராகுவாவின் ரொசெந்தோ அல்வாரெஸ் இரண்டாவது ரவுண்டில் அவரைத் தரையில் உட்காரவைத்தார். தலைகள் மோதி ஏற்பட்ட வெட்டுக்காயத்தால் சண்டை பாதியில் நின்று சமனாயிற்று. நவம்பரில் மறுபடி மோதினார்கள். அல்வாரெஸ் எடை அதிகமாக வந்தார், லோபெஸ் சரியென்று இறங்கினார், பிளவுபட்ட தீர்ப்பில் வென்றார். எனக்கு அவருடைய ஐம்பது சுத்தமான வெற்றிகளைவிட இந்த அழுக்கான வெற்றி பெரிது. இதைப்போல் இன்னும் மூன்று இருந்திருந்தால் இரண்டாம் இடத்துக்குப் போட்டியே இருந்திருக்காது.

அந்த இரண்டாம் இடத்தை ரோமான் ‘சாக்லதீத்தோ’ கொன்சாலெஸுக்குத் தருகிறேன். பழைய ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

மனாகுவாவில் வளர்ந்தவர், நிகராகுவாவின் மாவீரர் அலெக்சிஸ் ஆர்கெய்யோ கைப்பிடித்துக் கற்றுக்கொடுத்தவர். 2008இல் யுதாகா நீய்தாவிடமிருந்து 105 பவுண்டு பட்டத்தை ஜப்பானுக்குப் போய் எடுத்தார். அங்கிருந்து 108. 2014 செப்டம்பரில் டோக்கியோவில் அகிரா யாயெகாஷியை ஒன்பதாவது ரவுண்டில் நிறுத்தி 112. 2015இல் மேவெதர் ஓய்வு அறிவித்ததும், எடை வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உலகின் சிறந்த வீரர் யார் என்ற பட்டியலில் ‘ரிங்’ அவரை முதலிடத்தில் வைத்தது. ஒரு ஃப்ளைவெயிட்டை அந்த இடத்தில் பார்க்கும் நாள் வரும் என்று அதற்குமுன் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி கீழ் எடைகளை ஓரளவு மதிக்கத் தொடங்கியதே அவரால்தான்.

அவரிடம் பார்க்க வேண்டியது கால். நான்கைந்து குத்துகள் தொடர்ச்சியாக வரும், எல்லோரும் கையைப் பார்ப்பார்கள். இரண்டாவது குத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்திருப்பார். எதிராளி பதில் குத்துவிடும் திசையில் அவர் இருக்கமாட்டார், ஆனால் அவர் கைக்கு எதிராளி எட்டும் தூரத்திலேயே இருப்பான்.

எதிராளிகள் பட்டியல்தான் அவரை லோபெஸுக்கு மேலே ஏற்றுகிறது. 2012 நவம்பரில் 108 பவுண்டில் ஹுவான் பிரான்சிஸ்கோ எஸ்திராடாவை வென்றார். அப்போது எஸ்திராடாவை யாருக்கும் தெரியாது. ஐந்தே மாதத்தில் அவர் மக்காவ் போய் பிரையன் விலோரியாவை வென்று ஃப்ளைவெயிட் சாம்பியன் ஆனபிறகுதான் அந்த வெற்றியின் மதிப்பு விளங்கியது. எட்கர் சோசா, விலோரியா என்று அடுத்தடுத்து முடித்தார். 115க்கு ஏறி கார்லோஸ் குவாத்ராஸை வென்றபோது 46-0. பிறகு 2017இல் ஸ்ரீசாகெட் சோர் ருங்விசாய் இரண்டு முறை வென்றார், இரண்டாவது முறை நாக்அவுட். அதோடு முடிந்தது என்று பலர் எழுதினார்கள். 2020இல் திரும்பி வந்து காலித் யாஃபாயை ஒன்பதாவது ரவுண்டில் நிறுத்திப் பட்டம் எடுத்தார். 2021இல் எஸ்திராடாவோடு இரண்டாவது மோதல், இருவரும் சேர்ந்து 2,500க்கு மேல் குத்துகள் விட்ட அந்த இரவை நான் அவர் வென்றதாகத்தான் எண்ணினேன். தீர்ப்பு மறுபக்கம் போயிற்று. உடம்புக்குப் பொருந்தாத எடையில் வந்த தோல்விகள் இவை. 112 வரை அவரை யாரும் வெல்லவில்லை.

மூன்றாம் இடம் பெரெஸுக்கு, நான்காம் இடம் லோபெஸுக்கு. ஐந்தில் கான்டோ, ஆறில் ஜாங், ஏழில் வில்லா, எட்டில் லின்ச், ஒன்பதில் யூ, பத்தில் சிகீத்தா. கடைசி மூன்று இடங்களை எப்படி மாற்றிப்போட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். தாய்லாந்தின் பொங்சக்லெக் வொன்ஜோங்கம் 17 முறை தொடர்ந்து ஃப்ளைவெயிட் பட்டம் காத்தும் பத்துக்குள் வராததற்குக் காரணம் எதிராளிகளின் தரம். ஆனால் பட்டம் போனபிறகு 2010இல் டோக்கியோ சென்று, தோற்காத கோகி கமேதாவை வென்ற அந்த ஓர் இரவு அவரைப் பதினொன்றில் நிறுத்துகிறது. ஆறே நாக்அவுட்களோடு ஏழாண்டு சாம்பியனாகத் தாக்குப்பிடித்த போர்ட்டோ ரிகோவின் இவான் கால்டெரான் அவருக்குப் பக்கத்தில்.

இப்போது ஆடுபவர்களில் ஜெஸ்ஸி ‘பாம்’ ரொட்ரிகெஸைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். 2023 டிசம்பரில் 112 பவுண்டில் சன்னி எட்வர்ட்ஸை ஒன்பது ரவுண்டோடு நிறுத்தினார். 2024 ஜூனில் 115இல் எஸ்திராடாவை ஏழாவது ரவுண்டில் வீழ்த்தினார். அபாரமான கை, அதைவிட அபாரமான கால். ஆனால் அவர் பெரிய வெற்றிகள் பெரும்பாலும் 115இல். நயோயா இனோயுவேவும் இப்படித்தான்: ஆறாவது சண்டையில் 108 பவுண்டு உலகப் பட்டம், அப்புறம் 112ஐ மிதிக்காமலே 115க்குத் தாவிவிட்டார். எல்லையை ஒரு படி மேலே, 115க்கு, நகர்த்திப் போடுபவர்களின் பட்டியலில் இருவரும் இருப்பார்கள், அங்கே காவோசாயும் உண்டு. 112இல் கோடு போட்டால் இருவருக்கும் இடமில்லை.